ஏழாவது பௌர்ணமி

அன்று சாயங்காலம் எங்கள் போர்ஷன் வாசலில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான். என் மடியில் அரைத் தூக்கத்தில் மூன்று வயதுப் பையன். தையல் கடையிலிருந்து அப்போதுதான் வந்து சைக்கிளைச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர். அவருடைய அக்கா, எனக்கு நாத்தனார், நான் அண்ணி என்று கூப்பிடுவேன். எதிர்ப் போர்ஷன் பாய் வீட்டு அம்மா, கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு. யார் கேட்டாலும் இந்த ஐந்து பேரைத்தான் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆறாவதாக ஒருத்தி இருந்தாள். கதவுக்குப் பின்னால் நின்று சிலேட்டைத் துடைத்துக்கொண்டிருந்த என் பெரியவள். ஏழு வயது நடந்துகொண்டிருந்தது. அவளை நான் எண்ணவில்லை.

பையனுக்கு ஐந்து நாளாக அடித்த காய்ச்சல் அன்றுதான் விட்டிருந்தது. ஆடி மாதம் அது. பெரிய ஆஸ்பத்திரியில் போட்ட இரண்டு ஊசியில் விட்டது. வரிசையில் என்னோடு வந்து நின்றவர் பாய் வீட்டு அம்மா, அதனால் அவருக்கும் அது தெரியும். அண்ணிதான் பையன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அஞ்சு நாளா எறங்காத காய்ச்சலு இன்னிக்கு எறங்கியிருக்குதே. எந்த சாமிய வேண்டிக்கின?"

ஊசி என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைத் திறந்தேன். வேறு வந்தது.

"மலைய சுத்தி வரேன்னு வேண்டிக்கினேன் அண்ணி. பன்னெண்டு பௌர்ணமி."

அப்படி நான் வேண்டிக்கொள்ளவே இல்லை. அந்த ஐந்து நாளும் எந்தச் சாமியையும் கூப்பிட எனக்கு நேரம் இருந்ததா என்பதே சந்தேகம். என் வீட்டுக்காரர் சிரித்தார். "பன்னெண்டா? கம்மியா சொன்னா சாமி ஒத்துக்க மாட்டாரா?" என்றார். அண்ணி அவரை முறைத்தார். பிறகு என்னைப் பார்த்து, நானும் கூட வரேன், பேச்சுத்துணையாக இருக்கும் என்றார்.

அப்போதுதான் இரண்டாவதைச் சொன்னேன். முதல் பொய்யாவது தானாக வாயில் வந்தது. இது யோசித்துச் சொன்னது. "இல்ல அண்ணி. தனியாதான் போவணும். போற வழியில யாருகிட்டயும் ஒரு வார்த்த பேசக் கூடாது. அப்படித்தான் வேண்டிக்கினேன்."

அண்ணி அப்படியே நம்பினார். உள்ளே போய்ப் பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்து மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் கொண்டுவந்தார். காசு உன் கூலியாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லி, என் இடுப்பில் செருகியிருந்த பையிலிருந்து ஒரு ரூபாயும் ஒரு நாலணாவும் எடுக்கச் சொன்னார். ஒன்றேகால் ரூபாயை அந்தத் துணியில் வைத்து மூன்று முடிச்சுப் போட்டு, சாமி படத்துக்கு மேலே ஆணியில் மாட்டினார். பன்னிரண்டாவது சுற்று முடிந்த அன்று கோயில் உண்டியலில் போட வேண்டும், அதுவரை அவிழ்க்கக் கூடாது என்றார். பாய் வீட்டு அம்மா கஞ்சிக் கிண்ணத்தை என் பக்கத்தில் வைத்துவிட்டு, "நல்லதும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு என் அன்றைய நாளைச் சொல்ல வேண்டும். நான் ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவள். பதினெட்டில் கல்யாணம், இருபதில் பெரியவள். வீட்டுக்காரரின் தையல் கூலியில் பாதி வாடகைக்கே போய்விடும். அதனால் மல்லாட்டை மண்டியில் பொறுக்குகிற வேலைக்குப் போனேன். நிலக்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். உடைத்த பருப்பை முறத்தில் கொட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து சொத்தை, கறுப்பு, உடைசல், முழுசு என்று பிரிக்க வேண்டும். கூலி அளவைப் பொறுத்து. மடியில் கிடக்கிற குழந்தை என்றால் மேஸ்திரி விடுவார், விட்டத்தில் தூளி கட்டிக்கொள்ளலாம். நடக்கிற குழந்தை கூடாது. அது பருப்பைத் தின்னும் என்பார். அதனால் பையனுக்குக் கால் முளைத்த நாளிலிருந்து அவன் அண்ணியிடம். பெரியவள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவளும் அண்ணியிடம். அண்ணி கணவர் இல்லாதவர், பக்கத்துப் போர்ஷனில் தனியாக இருந்தார். குழந்தைகளைக் கண்ணைப் போலப் பார்த்துக்கொண்டார், அதில் குறை சொன்னால் என் வாய் அழுகிவிடும். ஆனால் நான் மண்டியிலிருந்து கால் மணி நேரம் தாமதமாக வந்தால், "இன்னிக்கு மல்லாட்ட ஜாஸ்தியோ?" என்று கேட்பார். அந்தக் கேள்வி எனக்கு இரவு சோறு இறங்கவிடாது.

மண்டியில் உட்கார்ந்திருக்கும்போது பையன் கிணற்றடிக்குப் போயிருப்பானோ என்று நினைப்பேன். வீட்டில் பையனுக்கு ஊட்டும்போது நாளைக்கு மேஸ்திரி என் முறத்தில் உடைசல் இருக்கிறது என்று கூலியைப் பிடிப்பாரோ என்று நினைப்பேன். எங்கே இருக்கிறேனோ அங்கே இருந்ததில்லை. அது என் பிறவிக் குணம். என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சட்டையை மாட்டிக்கொண்டு, சும்மா போய்ட்டு வரேன் என்பார். சினிமாவோ நண்பர்களோ, யாரும் எங்கே என்று கேட்டதில்லை. 'சும்மா போய்ட்டு வரேன்' என்கிற அந்த வாக்கியத்தை எங்கள் சந்தில் ஒரு பெண் சொல்லி நான் கேட்டதில்லை. பொம்பளை வெளியே போக ஒரு காரியம் வேண்டும். ஆஸ்பத்திரி, சாவு, கோயில். வேண்டுதல் என்றால் அதை மறுக்க எந்த மனுஷனுக்கும் தைரியம் வராது. எங்கள் ஊரில் வீட்டை விட்டு வெளியே வந்தாலே மலை தெரிகிறது. அதைச் சுற்ற நாலு மணி நேரம் ஆகும். அந்த நாலு மணி நேரம்தான் எனக்கு வேண்டியிருந்தது.

முதல் பௌர்ணமி ஆவணியில் வந்தது. மண்டியில் அரை நாள் கூலியை விட்டுவிட்டு மத்தியானம் புறப்பட்டேன். அரை நாள் போனால் போகட்டும், சாமி காரியம் என்று அண்ணியே சொல்லிவிட்டார். செருப்பில்லாமல் நடந்தேன். அப்போதெல்லாம் மலை சுற்றுகிறவர்கள் இப்போது மாதிரி இல்லை, அங்கே பத்துப் பேர் இங்கே நாலு பேர் என்று போவார்கள். செங்கம் ரோட்டில் புளிய மர நிழலில் நடக்கும்போது ஒரு விஷயம் புரிந்தது. நான் பொய்யாகக் கட்டிச் சொன்ன அந்தப் பேசாத விரதம்தான் எல்லாவற்றிலும் சுகமாக இருந்தது. யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். அம்மா என்று யாரும் கூப்பிட மாட்டார்கள். டீக்கடையில் ஒரு விரலைக் காட்டினேன், ஒரு டீ கொடுத்தார்கள். என் ஆயுசில் கடையில் நின்று தனியாக டீ குடித்தது அதுதான் முதல் தடவை. சூடு ஆறுவதற்குள் குடித்தேன். வீட்டில் என் டீ எப்போதும் ஆறிப்போன பிறகுதான் என் கைக்கு வரும்.

முதல் நாலு பௌர்ணமியும் முழுதாகச் சுற்றினேன். அதை எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன். நாலாவது கார்த்திகை, தீபக் கூட்டத்தில் இடிபட்டுச் சுற்றினேன். கூட்டத்தில் என் காலை எத்தனை பேர் மிதித்தார்கள் தெரியாது, நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒவ்வொரு தடவை புறப்படும்போதும் பெரியவள் வாசலில் நிற்பாள். நானும் வரேன் என்பாள். தனியாதான் போகணும் என்பேன். ஒரு தடவை, எனக்குக் காய்ச்சல் வந்தா எனக்கும் நடப்பியா என்று கேட்டாள். வாயைக் கழுவு என்று திட்டிவிட்டு நடந்தேன். அவள் என்னோடு இருக்கிற நேரமே கம்மி. காலையில் ஜடை பின்னுகிற ஐந்து நிமிஷம், அதிலும் அவள் தலையைத் திருப்பி ஏதாவது சொல்ல வந்தால் நேரா நில்லு என்பேன். இது அப்போது எனக்கு உறைக்கவில்லை. நாலு மணி நேரம் கிடைத்தும் அதில் அவளுக்கு ஐந்து நிமிஷம் கொடுக்கவில்லை என்பது இப்போது உட்கார்ந்தால் உறைக்கிறது.

மார்கழியில் மண்டியில் சரக்கு குவிந்துவிட்டது. விடிவதற்கு முன்னால் போய் விளக்கு வைத்த பிறகு வருவேன். ஐந்தாவது பௌர்ணமிக்குப் புறப்பட்டபோது கால் நடந்தது, கண் நடக்கவில்லை. செங்கம் ரோட்டை விட்டு வலது பக்கம் மலையை ஒட்டித் திரும்புகிற பாதையில், கொஞ்சம் உள்ளே தள்ளி, நாலு கல் தூண் நிற்கிற சின்ன மண்டபம் ஒன்று. பக்கத்தில் குளம். ஒரு நிமிஷம் என்று உட்கார்ந்தேன். முந்தானையை விரித்துப் படுத்தேன். எழுந்தபோது வெயில் தூணுக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. இனி முழுதாகச் சுற்றினால் வீட்டுக்குப் போக நேரமாகிவிடும். வந்த வழியே திரும்பினேன்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது எவ்வளவு பெரிய தப்பு என்று தெரியும். மலையை வலமாக மட்டும்தான் வர வேண்டும். எல்லாரும் ஒரே பக்கமாகப் போவதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, முதுகுதான் தெரியும். எதிர்த் திசையில் வருகிறவளுக்கு எல்லா முகமும் எதிரே வரும். தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, ஓரமாக, பன்றி மாதிரி தலையைக் குனிந்துகொண்டு வந்தேன். வீட்டில் அண்ணி எனக்குக் கால் கழுவத் தண்ணீர் வைத்திருந்தார். அந்தத் தண்ணீரில் கால் வைக்கும்போது உடம்பு கூசியது. ஆனாலும் தை மாதமும் அதே மண்டபத்தில் அதே போலத் தூங்கினேன். பயப்படுகிறவள் தப்புச் செய்ய மாட்டாள் என்று நினைப்பார்கள். பயப்பட்டுக்கொண்டே செய்வாள், அவ்வளவுதான்.

ஏழாவது மாசிப் பௌர்ணமி. அன்று பள்ளிக்கூடம் லீவு. பெரியவள் வாசலில் நிற்காதது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. பக்கத்துச் சந்துப் பிள்ளைகளோடு விளையாடப் போயிருப்பாள் என்றார் அண்ணி. நேராக மண்டபத்துக்குப் போனேன். ஏழாவது தடவைக்குச் சுற்றுகிற எண்ணமே எனக்கு இல்லை. தூங்கத்தான் போனேன் என்பதை இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

கண் விழித்தபோது காலடியில் அவள் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடப் பாவாடை, செருப்பில்லாத கால், முட்டிக்கு நடுவில் எங்கள் வீட்டுச் சின்ன பித்தளைச் சொம்பு. உதடு காய்ந்து வெடித்திருந்தது. எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருந்தாளோ. தார் ரோட்டில் மாசி வெயிலில் மூன்று மைல் அவள் என் பின்னால் வந்திருக்கிறாள், நான் ஒரு தடவை திரும்பிப் பார்க்கவில்லை.

"இங்க இன்னாடி பண்ற?" என்றேன்.

அவள் ஒரு விரலைத் தன் உதட்டின் மேல் வைத்தாள். பேசாதே என்று எனக்குக் காட்டினாள். என் விரதத்தை எனக்கே ஞாபகப்படுத்தினாள்.

அறைந்துவிட்டேன். யோசித்து அறையவில்லை. அகப்பட்டுக்கொண்ட பயம் கையில் இறங்கியது. சொம்பு கவிழ்ந்து உள்ளே இருந்த தண்ணீர் கல்லில் ஓடியது. எனக்கு அப்போது தோன்றியது என்ன தெரியுமா? வீட்டுச் சொம்பை எதற்கு வெளியே கொண்டுவந்தாள், நசுங்கியிருக்குமே என்று. அவள் அழுதாள். சத்தம் வராமல், வாயை இறுக்கி மூடிக்கொண்டு அழுதாள். வாயைத் திறந்தால் பேசியதாக ஆகிவிடும் என்று நினைத்திருக்க வேண்டும்.

வந்த வழியே திரும்பினோம். அவள் என் கையைப் பிடிக்கவில்லை, பத்தடி தள்ளி வந்தாள். எதிரே வந்த முகங்களுக்கு நான் முக்காட்டை இழுத்துக்கொண்டேன். அவளுக்கு முக்காடு ஏது? வழி முழுக்க ஒரே யோசனை. அண்ணி கேட்டால் என்ன சொல்வது? தூங்கினேன் என்றால் ஏழு பௌர்ணமியும் அவிழ்ந்துவிடும், பன்னிரண்டும் பொய் என்று ஆகிவிடும், பிறகு என்னை வாசல் தாண்ட விடுவார்களா?

சந்து முனையில் அண்ணி பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் பாய் வீட்டு அம்மா. என் வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோயில் குளத்துப் பக்கம் தேடப் போயிருந்தார். அண்ணியின் முகத்தில் ரத்தமே இல்லை. பெண்ணைப் பிடித்து உலுக்கி, "எங்கடி போன? ஊரே தேடுது" என்றார். அவள் வாயைத் திறக்கவில்லை.

நான் சொன்னேன். "என் பின்னாலயே வந்துட்டா அண்ணி. பாதி வழியில அம்மான்னு கூப்ட்டு என்னப் பேச வச்சிட்டா. அதான் திரும்பிட்டேன்."

எவ்வளவு சுலபமாக வந்தது. அண்ணி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அடிக்கவில்லை, அவர் அடிக்கிறவர் இல்லை. "உன் தம்பிக்காக அவ கால் தேய நடக்கறா. கெடுத்துட்டு வந்து நிக்கிற பாரு" என்றார். பிறகு என்னிடம், இனி ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான் என்றார்.

அவள் காலைக் கழுவும்போது பாதத்தில் இரண்டு கொப்புளம் இருந்தது. தேங்காய் எண்ணெய் தடவினேன். அப்போதுதான் அவள் மத்தியானத்திலிருந்து முதல் தடவையாகப் பேசினாள்.

"நான் பேசவே இல்லம்மா."

"சரி, சும்மா இரு" என்றேன்.

பத்தே நாளில் பையனுக்குத் தட்டம்மை போட்டது. எங்கள் சந்தில் ஏழு பிள்ளைகளுக்குப் போட்டிருந்தது, பக்கத்துச் சந்திலும் போட்டிருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் அதற்கு ஒரே காரணம்தான். அண்ணி வாய்விட்டு ஒரு தடவைதான் சொன்னார், அது போதுமாக இருந்தது. பெரியவள் தம்பி படுத்திருந்த அறை வாசலில் வேப்பிலைக் கொத்தோடு உட்கார்ந்துவிட்டாள். பள்ளிக்கூடம் போகவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் தலையை ஆட்டுவாள். தம்பி முனகினால் எழுந்து ஆணியில் தொங்குகிற மஞ்சள் முடிச்சைத் தொட்டுவிட்டு வந்து உட்காருவாள். ஏழு வயதுக் குழந்தை, தம்பியைத் தான்தான் கொல்லப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டு மண்டிக்குப் போய் வந்தேன்.

அந்த நாட்களில் ஒருநாள் குழாயடியில் பாய் வீட்டு அம்மா என் குடத்தைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "கொழந்த மேல போடாதம்மா. பாவம், அது தாங்காது." அவருக்கு எவ்வளவு தெரியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஊசி தெரியும். மற்றதை ஊகித்திருக்கலாம். அன்றைக்கு நான் உள்ளே போய் அண்ணியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். பையனுக்கு இறங்கட்டும், சொல்லிவிடுகிறேன் என்று நினைத்தேன். இறங்கியது. தலைக்குத் தண்ணீர் ஊற்றட்டும் என்று நினைத்தேன். ஊற்றினோம். பிறகு மண்டியில் சரக்கு வந்தது.

நான் மறுபடி மலை சுற்றப் போகவில்லை. ஒன்றிலிருந்து ஆரம்பிக்கணும், வேலை தீரட்டும் என்று ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஒரு சாக்கு. என் நாலு மணி நேரம் போயிற்று. அது போனதற்கு நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

வருத்தம் வேறு. எங்கள் குடும்பத்தில் அது ஒரு பேச்சாகிவிட்டது. காதுகுத்தோ வளைகாப்போ, நாலு பேர் கூடினால் அண்ணி அவளை அருகில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டு, "இவதான் மலைய பாதியில திருப்புனவ" என்பார். பாசமாகத்தான் சொல்வார். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிக்கிற மாதிரி உதட்டை இழுப்பாள். அப்போது ஒரே ஒரு தடவை என்னைப் பார்ப்பாள். நான் தட்டு எடுக்கவோ தண்ணீர் கொண்டுவரவோ எழுந்துவிடுவேன். அவள் பெரியவளான சடங்கில் சொன்னார். பத்தாவது பாஸானபோது சொன்னார். கல்யாணத்தில், மாப்பிள்ளை வீட்டார் எதிரில் சொன்னார். ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். இத்தனை பேருக்கு நடுவில் எப்படி என்று தோன்றும். தனியாக இருக்கும்போது, இத்தனை வருஷம் கழித்து எதற்கு என்று தோன்றும்.

அவள் பேச்சுக் கம்மியான பெண்ணாக வளர்ந்தாள். எங்கே போனாலும் கதவைப் பூட்டினோமா என்று இரண்டு தடவை திரும்பி வந்து பார்ப்பாள். அது என் குணம் என்று எல்லாரும் சொன்னார்கள். ரத்தத்தில் வந்ததா, அந்த ஒன்பது நாளில் வந்ததா என்று எனக்குத்தான் சந்தேகம்.

பாய் வீட்டு அம்மா மகனோடு ஆம்பூர் பக்கம் போய்விட்டார், அங்கேயே மௌத்தானார் என்று கேள்விப்பட்டேன். அண்ணி எண்பதுகளின் கடைசியில் போனார். பத்து நாள் படுக்கையில் இருந்தார். நான்தான் பார்த்துக்கொண்டேன், என் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர். நினைவு நன்றாக இருந்தது. மூன்றாவது நாள், அண்ணி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் என்று ஆரம்பித்தேன். "வேண்டுதல முடிச்சிடுடி. காசு தொங்கிக்கினே கீது" என்றார். அதுவரை அவர் அதை மறக்கவில்லை. சரி அண்ணி என்றேன். என் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான்.

அதற்கு அடுத்த வருஷம் என் பெண்ணுக்கு ஒரு வயதில் குழந்தை இருந்தது. ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை. வேங்கிக்கால் பக்கம் புதிதாகக் கட்டிய வீட்டில் மாடியில் குடி. காலை ஒன்பதிலிருந்து ஆறுவரை குழந்தையை நான் போய்ப் பார்த்துக்கொண்டேன். ஒருநாள் பஸ் கிடைக்காமல் ஏழு மணிக்கு வந்தாள். கையைக் கழுவிக்கொண்டு குழந்தைக்கு ஊட்ட உட்கார்ந்தவள், ஊட்டிக்கொண்டே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கிண்ணம் கையிலேயே இருந்தது. நான் கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரத்தில் திடுக்கிட்டு விழித்தாள். லேட்டாயிடுச்சும்மா, நீ கெளம்பலயா என்றாள். அவளுக்கு முதலில் தோன்றியது அதுதான்.

அன்றைக்குத்தான் ஆரம்பித்தேன். "அன்னிக்கு மண்டபத்துல நான் தூங்கிட்டேன் பாரு" என்றேன்.

எந்த மண்டபம் என்று அவள் கேட்கவில்லை. "ம்" என்றாள். பிறகு, "வீட்ல நீ தூங்கி நான் பாத்ததே இல்ல. வாயக் கொஞ்சம் தொறந்துகினு தூங்கின. எழுப்ப மனசு வரல" என்றாள்.

"சொம்பு எதுக்கு எடுத்துனு வந்த?"

"நீதான் யார்கிட்டயும் பேசக் கூடாதே. தாகம் எடுத்தா தண்ணி எப்படிக் கேப்பனு பயமா இருந்துது. வழியெல்லாம் தளும்பிப் பாதி போயிடுச்சு. மீதிய உனக்குனு வச்சிருந்தேன்."

குழந்தை என் தோளில் எச்சில் வழியத் தூங்கியது. அவள் புடவையில் ஒட்டியிருந்த சோற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள்.

"தூங்குனத நீ சொல்லாதது பரவால்லம்மா. நான் பேசினேன்னு சொன்ன பாரு. அத மட்டும் அத்தகிட்ட மாத்திச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்போ?"

கோபமாகக் கேட்கவில்லை. ஆபீஸில் ஒரு காகிதம் எப்போது வரும் என்று கேட்பதைப் போலக் கேட்டாள். கேட்டுவிட்டு எழுந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். கீழே வரை வந்து பஸ் ஏற்றிவிட்டாள். ஜன்னல் பக்கம் உட்காரு, தலை சுத்தும் என்றாள். அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு நான் போனபோது எப்போதும் போல எனக்கு டீ போட்டு மூடி வைத்திருந்தாள், சூடாக.

அன்று வாசலில் இருந்த ஐந்து பேரில் இரண்டு பேர் இப்போது இல்லை. யாரிடம் மாற்றிச் சொல்ல வேண்டுமோ அவர் அதில் ஒருவர். இருக்கிறவர்களில் என் வீட்டுக்காரருக்கு அது ஞாபகம் இல்லை. சொன்னேன், அதுக்கென்ன இப்போ என்றார். பையனிடம் சொன்னேன், தட்டம்மைக்கு யாரும்மா காரணம் என்று சிரித்தான். எண்ணாமல் விட்டேனே, அந்த ஆறாவது ஆள், அவளுக்குச் சொல்லவேண்டியதே இல்லை. அவளுக்குத்தான் முதலிலிருந்தே எல்லாம் தெரியும்.

பழைய போர்ஷனைக் காலி செய்யும்போது ஆணியிலிருந்து முடிச்சை எடுத்து டிரங்குப் பெட்டியில் வைத்தேன். மஞ்சள் வெளுத்துத் துணி பழுப்பாகிவிட்டது. போன மாதம் அதை எடுத்துக்கொண்டு கோயில்வரை போனேன், உண்டியலில் போட்டுவிடலாம் என்று. பன்னிரண்டு சுற்று முடித்தவள் போட வேண்டிய காசு அது. நான் நடந்தது நாலு. உண்டியல் வாய்வரை கொண்டுபோன கையைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். என் முட்டி இருக்கிற இருப்பில் மீதி எட்டை நடக்க முடியுமா தெரியாது. நடந்தாலும் தனியாக நடக்க எனக்கு இஷ்டமில்லை. அவளைக் கூப்பிட வேண்டும். அவளுக்கு எங்கே நேரம்? முடிச்சு மறுபடி பெட்டிக்குள் போய்விட்டது, மூன்று முடிச்சும் அப்படியே. கொடுக்க வேண்டியது இன்னும் ஒன்றேகால் ரூபாய்.